கோர்ட்டில் இறங்கும் முன் கை சூடாகட்டும்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. அரை நிமிடம்கூட ஓடவில்லை. லீட்ஸில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பச்சை டென்னிஸ் கோர்ட், கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒரு இலைகூட இல்லாத மரங்கள். நடுவில் இனியா. எட்டு வயதுக் குழந்தை ஒரு மெல்லிய சட்டையைப் போட்டுக்கொண்டு, ராக்கெட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் அக்குளில் சொருகியபடி நிற்கிறாள். வாயைத் திறந்தால் புகை வருகிறது. "அம்மா, கை வலிக்குது" என்கிறாள். ஃபோனைப் பிடித்திருப்பது நீ. முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. "சாக்கு சொல்லாத. ஆடு." அவள் ராக்கெட்டை எடுத்துப் பந்தை அடிக்கிறாள், நன்றாகவே அடிக்கிறாள். நீ சிரிக்கிறாய். கீழே ஒரு வரி எழுதியிருந்தாய்: 'நான் அப்படியே உங்கள மாதிரி ஆயிட்டேன்ப்பா.' பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்று.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த மாதக் கடைசியில் எனக்கு ரிட்டயர்மென்ட், க்வார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கட்ட வேண்டிய பெட்டிகள் கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. ஒன்றைக்கூட நான் கட்டவில்லை. பிளாக்கைச் சுற்றி நடக்கிறேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போகிறேன், பஸ் வந்தால் ஏறாமல் திரும்பி வருகிறேன். ஷிஃப்டில் ஒரு மீட்டரின் அளவை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். கன்ட்ரோல் ரூமில் இருந்த பையன், "சார், உடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். இது நான்காவது முறை.

உனக்கு நினைவிருக்கும், நீ டென்னிஸ் ஆட ஆரம்பித்தது என் ஆசையால்தான். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது கிளப் கோர்ட்டில் ஆபீசர்களின் பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் ஆடுவதை வேலிக்கு வெளியே ஒரு காலை ஊன்றி நின்று பார்ப்பேன். உன் தாத்தா அடுத்தவர் வயலில் நெல் அறுத்துக் கூலி வாங்கியவர். நான் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பெர்மனென்ட் ஆகி, டர்பைன் ஆப்பரேட்டர் ஆனவன். அந்த வேலிக்கு உள்ளே என் பெண் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். ஆட்டத்தின் மேல் இருந்த பிரியமா, வேலியின் மேல் இருந்த கோபமா என்று இப்போது கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீ க்வார்ட்டர்ஸின் பின்சுவரில் அடித்து அடித்து, சுண்ணாம்பு உதிர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்து, கடைசியில் கிளப்பில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் உன் சர்வீஸைத் திருப்பி அடிக்க அந்தக் கோர்ட்டில் ஆளில்லை. நான் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள்.

பதினான்கு வயதில் ஊட்டியில் அந்த ஜூனியர் போட்டி வந்தது. ஜனவரி மாதம். நமக்குக் குளிர் என்றால் மார்கழியில் காலை ஐந்து மணிக்குப் பால் வாங்கப் போகும்போது காதில் படுகிற காற்று. அவ்வளவுதான் தெரியும். உன் அம்மாவுக்குத்தான் பயம். குள்ளஞ்சாவடிக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு மெரூன் கலர் ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, கைக்கு ஒரு ஜோடி கம்பளி உறை எல்லாம் வாங்கிவந்தாள். ஸ்வெட்டரை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்திருந்தாள். "வளர்ற புள்ள, மூணு வருஷத்துக்காவது போட்டுக்கும்" என்றாள். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி வேறு. பஸ் ஏறும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆட்டத்துல எறங்குற வரைக்கும் ஸ்வெட்டரக் கழட்ட வுடாதீங்க" என்று சொன்னாள். நான் தலையாட்டினேன்.

அந்தக் காலையில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்விட்டோம். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நீ அந்தப் பெரிய ஸ்வெட்டரும் மங்கி குல்லாவுமாக உள்ளே வந்தாய். பளபளவென்று ஒரே நிற ட்ராக் சூட் போட்ட இரண்டு பெண்கள் உன்னைப் பார்த்து, பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகள், எதையோ பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது என் அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. உன்னை ஓரமாக அழைத்துப் போய், "எல்லாத்தையும் கழட்டு, இது இன்னா கோலம்" என்றேன். நீ, "குளுருதுப்பா" என்றாய். "ஆடினா சரியாப் போவும்" என்று சொல்லி ஸ்வெட்டரையும் குல்லாவையும் கையுறையையும் பைக்குள் திணித்தேன். நீ கொஞ்சம் ஓடிப் பார்க்கிறேன் என்றபோது அதையும் தடுத்தேன். "ஓடாத, இப்பவே களைச்சிப் போவாத, தெம்ப ஆட்டத்துக்கு வெச்சிக்கோ" என்று ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தேன். அரை மணி நேரம் அந்தப் பெஞ்சில், அரைக்கைச் சட்டையோடு.

வேலி ஓரத்தில் ஒரு பெண் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். தலையில் குல்லா, கையில் உறை, மேலே இரண்டு சட்டை. அவளுடைய அம்மா கோத்தகிரிக்காரர். நம்மைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "சார், கீழ இருந்து வர்றீங்களா? பாப்பாவ இப்படி உக்கார வைக்காதீங்க. நாலு ரவுண்டு ஓடவிடுங்க, கயிறு வேணும்னா எங்களுது இருக்கு. கை சூடாகாம சர்வீஸ் போடக் கூடாது" என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்! நான், "எங்க பொண்ணு சமாளிச்சிக்குவா" என்றேன்.  கொடுக்கக் கொண்டுவந்த இன்னொரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

இதில் என்னை அறுக்கிற விஷயம் ஒன்று உண்டு, பாப்பா. எனக்குத் தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. என் வேலையே அதுதான். நின்றுபோய் ஆறிக் கிடக்கும் டர்பைனை மறுபடி ஓட்டும்போது எடுத்த எடுப்பில் நீராவியை முழுதாகத் திறந்துவிட மாட்டோம். மெல்லச் சுற்றவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீராவி கொடுத்து, இரும்பு உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரும்வரை மணிக்கணக்கில் காத்திருப்போம். அவசரப்பட்டால் நடுவில் சுழலும் ஷாஃப்ட் வளைந்துவிடும். மேலதிகாரி வந்து கத்தினாலும் வால்வைத் திறக்க மாட்டேன் என்று நின்றவன் நான். இரும்புக்குக் கொடுத்த அந்தப் பொறுமையை உன் தோளுக்குக் கொடுக்கவில்லை.

முதல் செட்டில் உன்னால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை. பந்து எழும்பவே இல்லை, கல் மாதிரி தரையோடு போனது. குளிரில் பந்து அப்படித்தான் போகும் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நீ குனிய மறுக்கிறாய் என்று நினைத்தேன். இடைவேளையில் வேலி அருகே வந்து, "அப்பா, கை இருக்கிற மாதிரியே தெரியலப்பா" என்று விரல்களைக் காட்டினாய். நகமெல்லாம் நீலமாக இருந்தது. அப்போதுதான் சொன்னேன். "சாக்கு சொல்லாத. ஆடு." நீ என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். இரண்டாவது செட்டில், கோபத்தில் என்றுதான் நினைக்கிறேன், உன் பலத்தையெல்லாம் கூட்டி ஒரு சர்வீஸ் போட்டாய். பந்து கோட்டில் விழுந்தது. ராக்கெட்டும் விழுந்தது. நீ கத்தவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். முதலில் ஓடிவந்து தன் ஜாக்கெட்டை உன்மேல் போர்த்தியது அந்தக் கோத்தகிரி அம்மாதான். நான் இரண்டாவதாகத்தான் வந்தேன்.

பஸ்ஸில் கையைத் துணியில் தொட்டில் மாதிரி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய்.  சேலம் தாண்டியதும் நான், "அம்மா கேட்டா, ஸ்வெட்டர் பெருசா இருந்துச்சு, சர்வீஸ் போடும்போது கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடலாம். இல்லன்னா வூட்ல பெரிய சண்டையாயிடும்" என்றேன். நீ வெளியே பார்த்துக்கொண்டே, "சரிப்பா" என்றாய். வீட்டு வாசலில் உன் அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். நான் சொல்லிவைத்ததைச் சொன்னேன். அவள் நம்பாமல் உன்னைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றாய். அந்த ஒரு சொல்லில் அவள் முகம் எப்படிச் சுருங்கியது என்று நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

அந்தத் தோள் ஆறுவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நீ திரும்பப் போட்டிக்குப் போகவில்லை, படிப்பில் இறங்கிவிட்டாய், நன்றாகத்தான் வந்தாய். ஆனால் உன் அம்மா? அதற்குப் பிறகு அவள் உனக்கு எதையும் தேர்ந்தெடுத்து வாங்கியதில்லை, கவனித்திருக்கிறாயா? தீபாவளித் துணிக்குக்கூட, "நீயும் உங்கப்பாவும் போயி எடுத்துகினு வாங்க" என்பாள். நீ லீட்ஸுக்குக் கிளம்பியபோது பக்கத்து வீட்டு அம்மா, பெண்ணுக்குக் குளிருக்கு நல்லதாக நாலு ஸ்வெட்டர் வாங்கிக் கொடு என்றார். "எனக்கு இன்னாக்கா தெரியும்? நான் வாங்கிக் குடுத்தா ஏடாகூடமாத்தான் ஆவும். அவளே அங்க போயி வாங்கிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அப்போது பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றாவது சொல்லியிருக்கலாம். பூட்டு சரியாக விழுந்ததா என்று இழுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது இந்த வாரத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்தேன். உன் அம்மா கடைக்குப் போயிருந்தாள். உன் வீடியோவை இன்னொரு முறை பார்த்தேன். குழந்தையின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, ஃப்ரிஜ்ஜில் இருந்த ஐஸ் கட்டிகளையெல்லாம் பிளாஸ்டிக் பக்கெட்டில் கொட்டி, குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டேன். முதலில் குத்தியது, பிறகு எரிந்தது, பிறகு வலித்தது, பிறகு ஒன்றுமே இல்லை. வெளியே எடுத்து, பரணில் இருந்து இறக்கிவைத்த உன் பழைய ராக்கெட்டைப் பிடித்தேன். பாப்பா, என் விரல்கள் மூடியிருக்கின்றனவா திறந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. 'கை இருக்கிற மாதிரியே தெரியல' என்று நீ சொன்னது ஒரு எழுத்துக்கூட மிகையில்லை.

அந்த நேரத்தில் உன் அம்மா உள்ளே வந்தாள். "இன்னா பண்ணிகினு இருக்கீங்க? கையில அடி பட்டுச்சா?" என்று பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, துண்டை எடுத்து என் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் துடைக்கத் துடைக்க நான் சொல்ல ஆரம்பித்தேன். பெஞ்சில் உட்கார வைத்ததைச் சொன்னேன், துடைத்துக்கொண்டிருந்தாள். கோத்தகிரி அம்மாவைச் சொன்னேன், துடைத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு வந்தபோது என் கையை விட்டுவிட்டாள்.

"அப்ப அந்த ஸ்வெட்டரு?"

"பையிலதான் இருந்துச்சு."

"ஆடும்போது போட்டுக்கவே இல்லியா?"

"இல்ல. நான்தான் கழட்டச் சொன்னேன்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். தரையில் சொட்டியிருந்த தண்ணீரையே பார்த்தாள். "இருவது வருஷமா அந்தக் கடைக்காரன மனசுல திட்டிகினு இருக்கேங்க. அவன விட அதிகமா என்னத் திட்டிகினு இருக்கேன்" என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. "பொய் சொல்லணும்னா நீங்க சொல்லிட்டுப் போயிருக்கணும். அந்தப் புள்ளய ஏன் ஆமான்னு சொல்ல வெச்சீங்க?" நான் துண்டை எடுத்துத் தரையில் இருந்த தண்ணீரைத் துடைத்தேன், பாப்பா.  அதற்குப் பிறகு வெள்ளியும் சனியும் என்னோடு பேசவில்லை. தட்டை வைப்பாள், போய்விடுவாள்.

இனி இனியாவுக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரம் முழுக்க ஃபோனில் தேடியும், கிளப்பில் ஆடுகிற டாக்டரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை. குளிரில் ஆடக் கூடாது என்று இல்லை, தாராளமாக ஆடட்டும். ஆனால் கோர்ட்டுக்குப் போனவுடன் பந்தை எடுக்காதே. பத்துப் பதினைந்து நிமிடம் கயிறு தாண்டட்டும், ஓடட்டும், கைகளைப் பெரிதாகச் சுழற்றட்டும். உடம்பு லேசாக வேர்க்கிற அளவுக்கு வந்த பிறகு மெல்ல அடிக்கட்டும். சர்வீஸ் கடைசியில்தான், அதுவும் பாதி வேகத்தில் தொடங்கி. ஒரே தடித்த உடுப்பு வேண்டாம், மெல்லியதாக இரண்டு மூன்று போடு, சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உடம்போடு ஒட்டுகிற சட்டை பருத்தியில் வேண்டாமாம், வேர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஆட்டம் நின்றதும் அதுவே குளிரும். இடைவேளையில் கழற்றியதை மறுபடி போட்டுவிடு. காதை மூடு. பந்துக்கும் பந்துக்கும் நடுவே கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளட்டும். பந்துகளையும் ராக்கெட்டையும் கார் டிக்கியில் விட்டுவைக்காதே, வீட்டுக்குள் வை. குளிரில் தாகம் தெரியாது, அதனால் நீயே ஞாபகப்படுத்தி வெதுவெதுப்பாக ஏதாவது குடிக்கக் கொடு. முடிந்தவுடன் ஈரச் சட்டையை மாற்றிவிடு. இவை எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்காதே. கை வலிக்கிறது என்று சொன்னால் ஆட்டத்தை நிறுத்து. அவள் கையை உன் கைக்குள் எடுத்துத் தேய். அவளுக்குத் தெரிவது உனக்குத் தெரியாது.

உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குளிர் நாட்களில் உன் தோள் இன்னும் வலிக்கிறது என்று மாப்பிள்ளை ஒரு முறை பேச்சுவாக்கில் சொன்னார். நீ என்னிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இன்று ஞாயிறு. மத்தியானம் இரண்டரை மணி, உங்களுக்குக் காலை ஒன்பது. உன் அம்மா ஃபோனை எடுத்துக்கொண்டு, "நான் பேசறேன். நீங்க வெளிய இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வாசலுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தேன். இரண்டாம் ஷிஃப்ட் பஸ் போன பிறகு தெருவில் ஆளே இல்லை. முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு முறை அவள் குரல் உடைந்த மாதிரி இருந்தது, ஒரு முறை சிரித்த மாதிரியும் இருந்தது. பிறகு கதவு திறந்தது.

"இன்னா சொன்னா?" என்று கேட்டேன்.

"அழுதா. நானும் அழுதேன். கோத்தகிரி அம்மா சொன்னதச் சொன்னேன். அப்புறம் குழந்தையக் கூட்டியாந்து காட்டினா. ரெண்டு சட்ட மேல ஒரு கோட்டு போட்டுகினு, கயிறு தாண்டிகினு இருக்கா."

"என்னப் பத்தி?"

 கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'அப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா, அவரு பாவம்'னு சொன்னா. நான் சொன்னேன், 'பதினாலு வயசுலேர்ந்து நீ அவரக் காப்பாத்தற வேலையத்தான் பாத்துகினு இருக்க. போதும் பாப்பா, வுட்டுடு. அவர நான் பாத்துக்கறேன். உனக்குக் கோவம் வந்தா கோவப்படு'ன்னு."

"நீ இன்னும் கோவமாத்தான் இருக்கியா?"

"இருக்கேன். கோவம் போவும்போது சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, கூடத்தில் கிடந்த பெட்டி ஒன்றை என் பக்கம் தள்ளினாள். "இப்ப இதப் புடிங்க, கட்டலாம்."

அம்மா சொன்னது சரி, பாப்பா. நீ என்மேல் கோபப்படலாம். ஃபோனில் கத்தினாலும் கேட்டுக்கொள்வேன், ஒரு மாதம் பேசாவிட்டாலும் தாங்கிக்கொள்வேன். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, என்ன வேண்டுமானாலும் சொல். சாக்கு எதுவும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பா